‘எங்கக்கா வாங்குனீங்க?’ – ரயில்ல புக் படிக்கிறவங்க கிட்ட பேச்சு கொடுக்கறத பத்தி

நான் குரோம்பேட்டைல ஏறி கோட்டை ஸ்டேஷன்ல இறங்கற ஆளு, எலக்ட்ரிக் ட்ரெயின், லேடீஸ் பெட்டி, வருஷக்கணக்கா இதான் பொழப்பு. பக்கத்துல யாராவது கையில புக் வச்சிருந்தா எனக்கு இருப்பு கொள்ளாது, அட்டைய எட்டிப் பார்த்தே ஆகணும், பார்த்துட்டா எதாவது கேட்டே ஆகணும். ஆபீஸ்ல கூட வேலை பாக்கற பொண்ணு ஒருத்தி, “எப்டிக்கா முன்ன பின்ன தெரியாதவங்க கிட்ட போய் பேசறீங்க, வெடுக்குன்னு எதாவது சொல்லிட்டா என்ன பண்ணுவீங்க”ன்னு கேட்டா. அவளுக்கு டீ குடிக்கும்போது பிச்சு பிச்சு சொன்னத இங்க கொஞ்சம் கோர்வையா எழுதறேன், கோர்வையா வருதான்னு பாப்போம்.

“என்ன புக்?”ன்னு ஆரம்பிக்காதீங்க. அட்டைல பேர் போட்ருக்கு, அத நாம பாத்தாச்சுன்னு அவங்களுக்கும் தெரியும், அப்புறம் எதுக்கு அந்தக் கேள்வி. “நல்லா இருக்கா?”வும் வேணாம், பாதில இருக்கறவங்க கிட்ட தீர்ப்பு கேட்டா என்ன சொல்வாங்க, “ம்ம், போகுது”ன்னுவாங்க, அதோட முடிஞ்சுது. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், “எங்கக்கா வாங்குனீங்க?” இதுக்கு பதில் எல்லார்கிட்டயும் இருக்கும், யோசிக்க வேணாம், படிச்சவங்க படிக்காதவங்கன்னு வித்தியாசமும் இல்ல. பேச இஷ்டமில்லாதவங்க “கடைல”ன்னு சொல்லிட்டு திரும்பிக்கலாம், அவங்களுக்கும் சங்கடம் இல்ல நமக்கும் அவமானம் இல்ல. பேச்சுக் கொடுக்கறதுல பாதி சூட்சுமமே இதான், எதிர்ல இருக்கறவங்க ஒரே வார்த்தையில கழண்டுக்கற மாதிரி ஒரு கேள்வி கேக்கணும். அப்படி கழண்டுகிட்டாங்கன்னா மறுபடி நோண்டக் கூடாது, அன்னிக்கு மட்டும் இல்ல, அதே முகத்த அடுத்த வாரம் பாத்தாலும் சிரிச்சுட்டு விட்டுடணும்.

பேச இஷ்டம் இருக்கறவங்களுக்கு இந்தக் கேள்வி போதும், கொட்டிடுவாங்க. திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைல பேரம் பேசி எடுத்தது, நந்தனம் புத்தகக் கண்காட்சில மகன் அடம் பிடிச்சு வாங்கினது, ஒரு கல்யாணத்துல தாம்பூலப் பைக்குள்ள போட்டுக் குடுத்தது, இப்படி. ஒரு அம்மா சொன்னாங்க, அவங்க மாடி வீட்டுக்காரங்க காலி பண்ணும்போது பழைய பேப்பர்காரருக்கு எடை போட கட்டி வச்சிருந்தாங்களாம், இவங்க போய் “இத மட்டும் நான் எடுத்துக்கவா”ன்னு உருவிட்டு வந்தாங்களாம், உள்ள முதல் பக்கத்துல யாரோ யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து எழுதி கையெழுத்து போட்ருக்கு. அந்தக் கையெழுத்து யாரோடதா இருக்கும்னு நாங்க மாம்பலம் வரைக்கும் பேசிட்டு வந்தோம், புக்க பத்தி ஒரு வார்த்தை பேசல.

நேரம் பாக்கணும். காலைல எட்டரை மணி வண்டில யாரு கிட்டயும் எதுவும் கேக்க முடியாது, ஒரு கை மேல கம்பியில தொங்கும், இன்னொரு கைல வாரப் பத்திரிகைய நாலா மடிச்சு மூக்குக்கு நேரா வச்சுகிட்டு ஒரு பக்கத்தையாவது முடிச்சுடணும்னு படிப்பாங்க, அந்த ஒரு பக்கத்த நாம பிடுங்கக் கூடாது. கிண்டி, மாம்பலம் ரெண்டுலயும் கூட்டம் இறங்கினப்புறம் கொஞ்சம் மூச்சு விடலாம், ஆனா அதுக்குள்ள எக்மோர் வந்துடும். சாயங்காலம்தான் சரி, அதுவும் பீச் ஸ்டேஷன்ல இருந்து கிளம்பற வண்டில. பீச்ல வண்டி சும்மா நிக்கும்போதே சீட்டு பிடிச்சு உக்காந்து புக்க எடுத்துடுவாங்க, ஃபேன் கூட ஓடாது, கோட்டை, பார்க்னு வண்டி நிரம்ப ஆரம்பிச்சதும் அவங்களே தலைய நிமிர்த்தி பாப்பாங்க. அந்த நிமிர்றதுதான் நமக்கு சிக்னல். குனிஞ்சிருக்கற தலை கிட்ட பேசாதீங்க. பக்கம் திருப்பும்போதும் கேக்காதீங்க, அப்பதான் வாக்கியம் பாதில தொங்கிட்டு இருக்கும். விரல உள்ள விட்டு புக்க மூடிகிட்டு ஜன்னல் வழியா பாக்கறாங்கன்னா கேக்கலாம்.

தூரப் பயணம்னா கணக்கு அப்படியே தலைகீழ். மதுரைல இருந்து வைகை எக்ஸ்பிரஸ்ல வரும்போது ஏழரை மணி நேரம் பக்கத்துப் பக்கத்து சீட்டு, திண்டுக்கல் வர்றதுக்குள்ள பேச்சு கொடுத்துட்டா பாவம் அவங்க எங்க ஓடுவாங்க? சாப்பாட்டுப் பொட்டலத்த பிரிக்கும்போது, தூங்கி எழுந்திருக்கும்போது, எல்லாத்துக்கும் நம்ம மூஞ்சிதான். அதனால நான் விழுப்புரம் தாண்டற வரைக்கும் வாயத் திறக்க மாட்டேன். விழுப்புரம் தாண்டினா எல்லாரும் ஊருக்கு வந்துட்ட மாதிரி ஆயிடுவாங்க, செருப்ப தேடுவாங்க, வீட்டுக்கு ஃபோன் போடுவாங்க, அப்ப கேட்டா தாராளமா பேசுவாங்க, ஏன்னா இன்னும் கொஞ்ச நேரத்துல இறங்கிடப் போறோம்னு ரெண்டு பேருக்கும் தெரியும். புக்கும் அவங்க அதுக்குள்ள முக்கால்வாசி முடிச்சிருப்பாங்க, சொல்றதுக்கும் விஷயம் இருக்கும்.

லேடீஸ் பெட்டில அதிகமா படிக்கப்படற புக் எதுன்னு நினைக்கறீங்க? உள்ளங்கை சைஸ் பக்திப் புத்தகங்கதான். கந்த சஷ்டி கவசம், அபிராமி அந்தாதி, லலிதா சகஸ்ரநாமம், செவ்வாய் வெள்ளின்னா நாலு பேருக்கு ஒருத்தர் கைல இருக்கும். வாய் அசையும், சத்தம் வராது. இதுல குறுக்க போனா பெரிய தப்பு, பாதில நிறுத்தக் கூடாதுன்னு வச்சிருப்பாங்க, நாம கேட்டா தலைய மட்டும் ஆட்டுவாங்க, மனசுக்குள்ள நம்மள திட்டுவாங்க. முடிச்சதும் புக்க மூடி ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்குவாங்க பாருங்க, அப்புறம் மஞ்சப் பையில வைப்பாங்க, வச்சப்புறம் கேளுங்க. அபிராமி அந்தாதி நூறு பாட்டையும் பல்லாவரம் டு பார்க் முடிக்கற ஒரு மாமிய எனக்குத் தெரியும், வண்டி லேட்டானா “இன்னிக்கு ரெண்டாவது ரவுண்டு போயிட்டேன்டி”ன்னு சிரிப்பாங்க. எங்க வாங்குனீங்கன்னு கேட்டப்போ “திருக்கடையூர்ல, என் வீட்டுக்காரர் அறுபதாம் கல்யாணத்துக்குப் போனப்போ”ன்னு ஆரம்பிச்சு அந்தக் கல்யாணத்துல யார் யார் வரலங்கறது வரைக்கும் வந்துது. பைபிள், குரான் வச்சிருக்கவங்க கிட்டயும் இதே மரியாதைதான், இன்னொண்ணு, நம்ம அபிப்பிராயத்த வீட்டுலயே வச்சுட்டு வரணும், அவங்க நம்பற விஷயம் அது, சாயங்கால ட்ரெயின்ல விவாதம் பண்றதுக்கு இல்ல.

அடுத்தது குடும்ப நாவல். இதுக்கு தனியாவே எழுதணும். பழைய லெண்டிங் லைப்ரரி புக்குன்னா பாத்தாலே தெரியும், மாத நாவல் நாலை ஒண்ணா சேத்து கெட்டி அட்டை போட்டு பைண்ட் பண்ணியிருப்பாங்க, முதுகுல துணி ஒட்டியிருக்கும், உள்ள தேதி ஸ்லிப், ஓரத்துல முன்னாடி படிச்சவங்க பென்சில்ல எழுதின விமர்சனம், “இவனுக்கு இது தேவைதான்”, “மாமியார் பாவம்”, “கடைசி பக்கத்தை கிழித்தவர் நாசமாய் போக”. இதுல மட்டும் பேர் தெரியாது, அட்டை மொட்டையா இருக்கும், அதனால என்ன கதைன்னு கேக்க நமக்கு நியாயம் இருக்கு. ஆனா கேட்ட உடனே நிறைய பேர் புக்க குப்புற கவுத்துடுவாங்க, “சும்மா டைம் பாஸ்மா”ன்னுவாங்க. ஏன்னா யாரோ ஒருத்தர், பெரும்பாலும் வீட்டுலயே, “இதெல்லாம் ஒரு புக்கா”ன்னு எப்பவோ சொல்லியிருக்காங்க, அது உள்ள உக்காந்திருக்கு. அந்த “இதெல்லாமா படிக்கறீங்க” மூஞ்சி நமக்கு ஒரு செகண்ட் வந்தாலும் கண்டுபிடிச்சுடுவாங்க. அதுக்கு மருந்து, நாமளும் படிச்சிருக்கணும். நான் படிச்சிருக்கேன், ஒளிக்க என்ன இருக்கு, ப்ளஸ் டூ லீவுல வாரத்துக்கு ஆறு வீதம் முழுங்கினவ நான்.

ஆஸ்பத்திரில ஆயாம்மாவா வேலை செய்ற ஒரு அக்கா, நைட் டியூட்டி முடிச்சு வருவாங்க போல, கண்ணு சிவந்திருக்கும் ஆனா புக்க விட மாட்டாங்க. அன்னிக்கு குப்புற கவுத்தாங்க. நான், “ஹீரோ இன்னும் சிடுமூஞ்சியாவே இருக்காரா, இல்ல திருந்திட்டாரா”ன்னு கேட்டேன். அவ்ளோதான், அந்தக்கா முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. “எங்கம்மா திருந்தறான், இன்னும் எம்பது பக்கம் இருக்கு”ன்னாங்க. அப்புறம் சொன்னாங்க, அவங்க எப்பவும் கடைசிப் பக்கத்த முதல்ல படிச்சுடுவாங்களாம், “ரெண்டு பேரும் சேந்துடுவாங்கன்னு தெரிஞ்சுட்டா அப்புறம் நிம்மதியா படிப்பேன், வார்டுல யாரு பொழைப்பாங்க யாரு மாட்டாங்கன்னு பாத்துட்டு வந்து கதைலயும் அதே பயத்தோட உக்காரணுமா”ன்னு. சஸ்பென்ஸ்தான் கதைக்கு உயிர்னு பேசறவங்க இவங்க கிட்ட ஒரு நாள் உக்காந்து பேசணும்.

பொன்னியின் செல்வன் வேற ரகம். 2022 செப்டம்பர்ல படம் வந்துது பாருங்க, அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியும் பின்னாடியும் பெட்டில எங்க திரும்பினாலும் அதான். இதுல தெரிஞ்சுக்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு, பக்க நம்பர் சொல்லி பேச முடியாது. கல்கியோட எழுத்து நாட்டுடைமை ஆயிடுச்சு, யாரு வேணா போடலாம், அதனால பத்து பேர் கைல இருந்தா பத்து பதிப்பு, ஒருத்தர்து அஞ்சு பாகம் தனித்தனியா, இன்னொருத்தர்து செங்கல் மாதிரி ஒரே வால்யூம். அத்தியாயத் தலைப்ப சொல்லித்தான் பேசணும். ரெண்டு, வாயத் திறக்கறதுக்கு முன்னாடி “எத்தனாவது பாகம்?”னு கேட்டுடணும். இத கேக்காம ஆர்வக் கோளாறுல பேசறவங்கதான் அடுத்தவங்க வயித்தெரிச்சல கொட்டிக்கறாங்க.

ஒரு நாள் காலேஜ் பொண்ணு ஒருத்தி ரெண்டாம் பாகம், சுழற்காற்று, வச்சிருந்தா, நான் கடைசியா எந்த அத்தியாயம்னு கேட்டுட்டு இருக்கேன், எதிர் சீட்டு மாமி கண்ணாடிய கழட்டி, “அந்த ஆதித்த கரிகாலன் இருக்கானே”ன்னு ஆரம்பிச்சாங்க. நான் அவங்க முழங்காலத் தொட்டு, “மாமி, குழந்தை இப்பதான் சுழற்காற்றுல இருக்கா”ன்னேன். “அதான் படமே வந்துடுத்தே”ன்னாங்க. படத்துல ரெண்டாவது பார்ட் வரலயே மாமி, அடுத்த வருஷம்தான்னு சொன்னதும் வாய இறுக்கி மூடிகிட்டாங்க, ஆனா மூடிட்டு எவ்ளோ நேரம் உக்கார முடியும் அவங்களால, அதனால கதைய விட்டுட்டு புக்கோட கதைய சொல்ல ஆரம்பிச்சாங்க. 1950ல இருந்து 54 வரைக்கும் கல்கி பத்திரிகைல தொடரா வந்தப்போ அவங்க அம்மா வாரா வாரம் பக்கத்த கத்திரிச்சு சேத்து, ஓவியர் மணியம் போட்ட படத்தோட பைண்ட் பண்ணி வச்சிருந்தாங்களாம், வீட்டுல யாரு கை படணும்னாலும் கை கழுவிட்டு வரணுமாம். பாகப் பிரிவினைல நகைக்கு சண்டை வரல, அந்த வால்யூம் யாருக்குன்னுதான் வந்துதாம். கடைசில யாருக்குப் போச்சுன்னு கேட்டேன். “எங்க மன்னிக்கு. இன்னி வரைக்கும் நேக்கு ஆறல”ன்னாங்க. அந்தப் பொண்ணு புக்க மூடி வச்சுட்டு இதத்தான் கேட்டுட்டு இருந்தா.

வயசு இருபத்தஞ்சு முப்பது இருக்கும், கைல ஸ்கூல் புக், ஏழாவது தமிழ், ஒன்பதாவது சமூக அறிவியல்னு இருந்தா, டீச்சர்னு நினைக்காதீங்க, டிஎன்பிஎஸ்சி, கவர்மெண்ட் வேலைக்கு எழுதற பரீட்சை. குரூப் 4ல 200 கேள்வில 100 தமிழ்லயே வருது, அதனால ஆறாவதுல இருந்து எல்லாத்தையும் தரோவா படிக்கறாங்க. இவங்க கிட்ட “எங்க வாங்குனீங்க” கூட வேணாம். “எத்தனாவது தடவை எழுதற”, “கட் ஆஃப் எவ்ளோ வரும்”, “எங்க சொந்தக்காரப் பையன் ஒரே தடவைல பாஸ் பண்ணான்”, இந்த மூணும் சொந்தக்காரங்களே போதுமான அளவு கேட்டாச்சு. நான் கேக்கறது, “புக்க குடு, நான் கேள்வி கேக்கவா?” வேணாம்னா வேணாம். சரின்னா அவங்களுக்கும் உபயோகம்.

கூடுவாஞ்சேரிக்குப் போற ஒரு பொண்ணு உடனே குடுத்தா. திரிகடுகம் எழுதினது யாரு? நல்லாதனார். சிறுபஞ்சமூலம்? காரியாசான். ஏலாதி? அங்க நின்னுட்டா. நெத்திய தட்டறா, வரல. எதிர்ல பேப்பர விரிச்சு பீன்ஸ் நறுக்கிட்டு இருந்த ஆன்ட்டி, “ஏம்மா, திரிகடுகம்னா நாட்டு மருந்துக் கடைல சூரணம் விப்பாங்களே, அதா?”ன்னாங்க. “அதே பேருதான் ஆன்ட்டி, சுக்கு மிளகு திப்பிலி மாதிரி ஒவ்வொரு பாட்டுலயும் மூணு கருத்து”ன்னா. “அப்ப ஏலாதி? ஏலக்காயா?” அந்தப் பொண்ணு விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சா, ஏலம், இலவங்கம், சிறுநாவற்பூ, மிளகு, திப்பிலி, சுக்கு, ஆறு, பாட்டுக்கு ஆறு கருத்து, எண்ணிட்டு இருக்கும்போதே “கணிமேதாவியார்!”னு கத்திட்டா, பூக்காரம்மா திரும்பிப் பாத்தாங்க. மனப்பாடம் பண்றவங்களுக்கு பக்கத்துல ஒண்ணுமே தெரியாம கேள்வி கேக்கற ஒரு ஆள் இருந்தா எவ்ளோ உதவின்னு அன்னிக்குப் பாத்தேன், எல்லாம் தெரிஞ்ச நான் கேட்டப்போ வராதது அந்த ஆன்ட்டி கேட்டப்போ வந்துடுச்சு. அப்புறம் அந்தப் பெட்டில கொஞ்ச நாள் அந்தப் பொண்ணு ஏறினா ஆன்ட்டியே “வாம்மா, புக்க எடு”ன்னு காய்கறிய ஓரம் வச்சுடுவாங்க.

ஃபோன்ல படிக்கறவங்கள விட்டுடுங்க. இப்ப பாதிப் பேரு ஃபோன்லதான் தொடர்கதை படிக்கறாங்க, பிரதிலிபி மாதிரி ஆப்ல, இல்ல வாட்ஸப்ல யாரோ அனுப்பின பிடிஎஃப்ல. எனக்கும் ஆசைதான். ஆனா புக்கோட அட்டை ஊருக்கு காட்டறதுக்குன்னே இருக்கு, ஃபோன் ஸ்க்ரீன் அப்படி இல்ல, அத எட்டிப் பாத்தேன்னு ஒத்துக்காம கேள்வியே கேக்க முடியாது.

ஆம்பளைங்க விஷயம். பொதுப் பெட்டில போகும்போது நானும் கேப்பேன், ஆனா என் கைல ஒரு புக் திறந்து இருக்கும். ஒரு கேள்வி, பதில் வந்ததும் கண்ணு என் புக்குக்குத் திரும்பிடும், அவரா தொடர்ந்தா புக்க பத்தி மட்டும். பெரியவங்க நிறைய பேர் அழகா பேசுவாங்க, ரிட்டயர் ஆன வாத்தியார்னா இன்னும் விசேஷம். ஒருத்தர் மட்டும் ரெண்டாவது வாக்கியத்துலயே நம்பர் குடுங்க, நல்ல புக்கெல்லாம் அனுப்பறேன்னு ஆரம்பிச்சாரு. சிரிக்கவும் இல்ல சண்டையும் போடல, பழவந்தாங்கல்ல இறங்கி ஓடிப் போய் லேடீஸ் பெட்டில ஏறிட்டேன். விடாம பின்னாடி வந்தா ரயில்வே உதவி நம்பர் 139க்கு போடலாம், நம்பர ஃபோன்ல வச்சுக்கோங்க. என் தங்கச்சி வீட்டுக்காரர், “அப்ப நாங்க பொண்ணுங்க கிட்ட புக்க பத்தி கேக்கவே கூடாதா அண்ணி”ன்னு கேட்டாரு. கேளுங்க, பட்டப்பகல்ல, நாலு பேர் இருக்கற இடத்துல, தள்ளி நின்னு, ஒரே ஒரு தடவை, “நன்றிங்க”ன்னு சொல்லிட்டு நீங்க முதல்ல திரும்பிக்கோங்க. அது முடியாதுன்னா உங்களுக்கு வேண்டியது புக் இல்ல.

லைப்ரரில இந்த வேலை வேணாம். கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துல சொந்தப் புக் கொண்டு வந்து படிக்கற பகுதில பாருங்க, ஊசி விழுந்தா கேக்கும், அங்க போய் பேச்சு கொடுத்தா முறைப்பாங்க. கேன்டீன்ல தட்டோட உக்காரும்போது கேளுங்க. புத்தகக் கண்காட்சில கேக்கவே வேணாம், அவங்களே சொல்லுவாங்க, நிறுத்தறதுதான் கஷ்டம்.

நாம ஒரு கேள்வி கேட்டா நம்மாளுங்க திருப்பி நாலு கேப்பாங்க, அதுக்கும் தயாரா இருக்கணும். எந்த ஊரு, வீட்டுக்காரர் எங்க வேலை, எத்தனை குழந்தைங்க, ஏன் ஒண்ணோட நிறுத்திட்டீங்க. அவங்க படிக்கறத நாம கேட்டோம், நம்மள அவங்க கேக்கறாங்க, இதுல கோச்சுக்க ஒண்ணும் இல்ல. சொல்ல விருப்பம் இருக்கறத சொல்லுவேன், இல்லாததுக்கு “அத விடுங்கக்கா, அந்த மாமியார் அப்புறம் என்ன பண்ணா”ன்னு கதைக்குத் திருப்பிடுவேன். பத்துல ஒம்போது தடவை திரும்பிடுவாங்க.

இன்னொண்ணு, “இந்தாங்க, பாத்துட்டு குடுங்க”ன்னு அவங்க புக்க நம்ம கைல குடுப்பாங்க. வாங்கினா மடிச்ச ஓரத்த நிமிர்த்தாதீங்க, அடையாளம் வச்ச இடத்துல விரல விட்டுட்டு மத்ததப் புரட்டுங்க. இரவல் குடுத்தா மட்டும் வாங்கிக்காதீங்க, ஒரே வண்டி ஒரே பெட்டின்னு நினைப்போம், அடுத்த மாசம் அவங்க ஷிஃப்ட் மாறிடும், புக் நம்ம அலமாரில உக்காந்து முறைக்கும். நீங்க குடுக்கறதா இருந்தா திரும்பி வராட்டியும் பரவால்லங்கறத மட்டும் குடுங்க. பேப்பர் சீசன் டிக்கெட் வச்சிருக்கவங்க அத புக்மார்க்கா சொருகி வைக்கற பழக்கம் இருந்தா, புக்க கை மாத்தறதுக்கு முன்னாடி உருவி பர்ஸ்ல போட்டுக்கோங்க. எங்க பெட்டில ஒரு அக்கா புக்க எதிர் சீட்டுக்கு குடுத்துட்டு பேசிட்டு இருந்தாங்க, அந்தம்மா மறந்து போய் சைதாப்பேட்டைல புக்கோட இறங்கிட்டாங்க, கிண்டில செக்கிங் ஏறிட்டாங்க.